மச்சாளின் சீனக் கசாயம்

இந்த வருடம் ஜேர்மனியில் எங்கள் கோயில் தேருக்கு, தலைச்சுற்றால் நான் பால்குடம் எடுக்கவில்லை. என்னைப் போலவே தலைச்சுற்றோடு படுத்திருந்த மச்சாளோ, சீன மூலிகைக் கசாயம் குடித்தாளாம், குடத்தோடு நிமிர்ந்து நடந்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

அவளிடம் விவரம் கேட்க மனம் வரவில்லை. மற்றவர்கள் சொன்ன பெயரை வைத்து அதே கசாயப் பொடியை இணையத்தில் வாங்கி, தினமும் போடும் பிரஷர் குளிசையோடு குடித்துவந்தேன். ஒருநாள் காலை சமையலறையில் மயங்கி விழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிரஷர் மிகவும் இறங்கியிருந்தது. குளிசையோடு பொடியும் சேர்ந்ததால் இருக்கலாம் என்றார் மருத்துவர். பொடி தலைச்சுற்றைக் குணமாக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரமும் இல்லையாம்.

பார்க்க வந்த மச்சாள், “எனக்குக் காதுப் பிரச்சினையாலை வந்த தலைச்சுத்து. டொக்டர் அதுக்குத் தலையைத் திருப்பிற பயிற்சியும் தந்தவர். எதாலை சுகம் வந்ததெண்டு எனக்கே தெரியாது. என்னட்டைக் கேட்டிருக்கலாமே,” என்றாள்.

இப்போது எந்த மூலிகையையும் மருத்துவரிடம் காட்டிய பிறகே வாயில் வைக்கிறேன். அவளுடைய பால்குடத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அதற்குச் சீனாவிலும் மருந்து இல்லை.