முதலில் கல், பிறகு மணல்

இதைத் தயவுசெய்து வேறு ஒருவருக்கும் காட்டிவிடாதீர்கள். எங்கள் தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு வேண்டவே வேண்டாம். ரிஸ்னா அக்காவிடம் மீன்குஞ்சு வாங்கிப்போன உங்களுக்காக மட்டும் எழுதுகிறேன். அப்பா அடுத்த அறையில் படுத்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னார்: “மேல்வீட்டு ரிஸ்னா செத்துப்போச்சாமடி. டெங்குவாம். நாலே நாள்.” ஒரு காலில் சப்பாத்துடன் அப்படியே இருந்தேன். அழப் பயமாக இருந்தது. அக்கா வீட்டுக்குப் போகக்கூடாது என்று அப்பா சொல்லி ஒரு வருடமாகிறது. நான் போவதை நிறுத்தவில்லை என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

அக்காவுக்கு இருபத்தேழு வயது. கடலோரக் காலி வீதியில் ஒரு பல்வைத்தியரிடம் வேலை. எங்களுக்கு நேர்மேலே, ஐந்தாம் மாடியில், தன் உம்மாவுடன் இருந்தார். லிப்ட் பழுதான ஒரு நாள் இரண்டு வாளிகளுடன் படியேறிக்கொண்டிருந்தார். ஒன்றை நான் வாங்கினேன். உள்ளே கடற்கரைச் சிப்பிகள். “நம்மட குழாத்தண்ணி இந்த மீனுக்குப் பத்தாது புள்ள. சிப்பி போட்டாத்தான் தண்ணி கொஞ்சம் கனக்கும்” என்றார். கதவைத் திறந்ததும் நான் வாளியை வைக்க மறந்துபோனேன். சுவர் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி, சாம்பல் நிறக் கற்குகைகள், அவற்றுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்த மஞ்சள் மீன்கள். அவ்வளவு மஞ்சளை நான் ஓர் உயிரில் கண்டதில்லை.

ஆபிரிக்காவில் மலாவி என்ற ஏரியின் மீன்கள் அவை. அந்த இனத்தில் பல ஒன்றையொன்று கடித்தே கொல்லுமாம்; அக்கா சாதுவானவற்றை மட்டும் தேடி எடுத்திருந்தார். “சாதுவுக்கும் ஆளுக்கொரு ஊடு வேணும். மத்தவன்ட மூஞ்சி தெரியாம இரிக்க ஒரு மூலை வேணும். இல்லாட்டி இந்த பிளாட்டுல மாதிரித்தான், ஒரே சண்ட” என்று சிரிப்பார்.

ஒரு பெட்டை மீன் நாட்கணக்காகச் சாப்பிடவில்லை, தாடை வீங்கியிருந்தது. வருத்தம் என்று நினைத்து மருந்து ஊற்றப் போனேன். அக்கா என் கையைப் பிடித்தார். “வருத்தமில்ல. வாய் நெறய புள்ளைகள். மூணு கெழம ஒண்டும் தின்னாது.” அந்த நாள் வந்தபோது என்னையும் கூப்பிட்டார். மீன் வாயைத் திறந்தது. அரிசியளவு குஞ்சுகள் வெளியே வந்தன. என் நிழல் விழுந்ததும் எல்லாம் மறுபடி அந்த வாய்க்குள் ஓடிப்போயின. அக்கா என்னை மெதுவாகப் பின்னால் இழுத்தார்.

பிறகு தன் வீட்டிலேயே ஒரு புதுத் தொட்டியை அடுக்கும் வேலையை என்னிடம் தந்தார். அவருடைய ஒரே கட்டளை, கல் கண்ணாடித் தரையில் இருக்கவேண்டும், மணலை அதற்குப் பிறகுதான் கொட்டவேண்டும். எனக்கு மணலை அழகாகப் பரப்பிவிட்டு அதன்மேல் கல் அடுக்கத்தான் ஆசை. அப்படியே செய்தேன். “கல்லுத்தானே மொதல்ல?” என்று கேட்டார். “ஓம் அக்கா” என்றேன்.

மீன்கள் மணலைத் தோண்டின. பத்தாம் நாள் கல் சரிந்து கண்ணாடி வெடித்தது. தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் இறங்கி என் கட்டில்வரை நனைத்தது. அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு மேலே போனார்.

“மீன் வளர்க்கிறதெண்டால் கடலுக்குப் பக்கத்தில போய் இருங்கோ!”

“ரயில் ரோட்டத் தாண்டினாக் கடல்தானே அங்கிள்” என்றார் அக்கா. அப்பா சிரிக்கவில்லை. அக்கா சரிந்த கல்லுக்கு அடியில் கிடந்த மணலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. “என்ட பிழ அங்கிள். கல்ல நான்தான் சரியா வெக்கல” என்றார். அன்று செத்த இரண்டு மீன்களும் ஒரு கோப்பையில் கிடந்தன. அப்பா அவரை என்னவெல்லாமோ பேசினார். அக்கா தலைகுனிந்து கேட்டார். நான் வாய் திறக்கவில்லை.

அடுத்த வாரம் டியூஷன் என்று பொய்சொல்லி மேலே போனேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். புதுக் கண்ணாடியை முன்னால் வைத்து, “இப்ப, மொதல்ல கல்லு” என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை, சாகும்வரை சொல்லவில்லை. அவ்வளவு பெரிய மனதுக்கு முன்னால் எப்படி நிற்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நேற்று அக்காவின் அண்ணன், அவருடைய நானா, கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து உம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். தொட்டிகளை ஒரு கடைக்காரர் எடுத்துப்போகிறாராம். ஒரேயொரு மீன் தருவீர்களா என்று நானாவிடம் கேட்டேன். “ஒண்டென்ன, பத்து எடுங்க” என்றார், கண்ணைத் துடைத்தபடி. தாடை வீங்கிய ஒன்றை மட்டும் எடுத்தேன்.

அது இப்போது என் மேசைக்கடியில், அக்கா வீட்டுப் பழைய சிறிய தொட்டியில் இருக்கிறது. சிப்பி போட்டிருக்கிறேன். கல் கண்ணாடியில் இருக்கிறது. என் தலைக்கு மேலே கூரையில் அந்த ஈரக்கறை இன்னும் இருக்கிறது. அப்பா அதைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவைத் திட்டுவார், செத்த பிறகும். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இந்த வாய் நிறைந்த மீனும், நான் சொல்லாமல் வைத்திருக்கும் அந்த

கதவைத் தட்டுகிறார் அப்பா.

“பிள்ளை, உள்ளுக்கென்ன குமிழி விடுற சத்தம்?”

தொட்டியின் காற்றுப் பம்பை நிறுத்தலாம். நிறுத்தினால் மீன் தாங்காது. நிறுத்தவில்லை. அப்பா, அந்தக் கல்லை வைத்தது