கற்பூரம் அணைந்த நிலவறை

முதலில் என் மடைத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதை விட அது எனக்குக் கௌரவம். ஊரில் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்தவன் நான். எரியும் மெழுகுதிரியின் மேல் வெறும் குவளை போலத் தெரியும் ஒன்றைச் சரித்து, கண்ணுக்குத் தெரியாத வாயுவை ஊற்றி, சுடரை அணைத்துக் காட்டுவேன். பிள்ளைகள் வாய் பிளந்து நிற்பார்கள். அப்படிப்பட்ட நான் மெல்பேர்னில் ஒரு பப்பின் நிலவறையில் பேய் இருக்கிறது என்று நம்பினேன். ஏதோ கொஞ்சமாக அல்ல, கற்பூரம் கொளுத்துமளவுக்கு நம்பினேன்.

அந்தப் பப் இப்போது இல்லை. மேற்குப் பக்கத்தில், தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு சந்தியில் நின்றது. தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகப் போக, குடிக்க வந்தவர்களும் போனார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒருநாள் கதவைச் சாத்திவிட்டார்கள். இப்போது அங்கே பிள்ளைகள் பராமரிப்பு நிலையம். அண்மையில் அந்த வழியால் போனபோது, நாங்கள் பியர் ஊற்றிய இடத்தில் சின்னஞ்சிறுசுகள் வரிசையாக இருந்து பால் குடித்துக்கொண்டிருந்தன. எங்கள் பழைய வாடிக்கைக்காரர்களை விட ஒழுங்காகத்தான் இருந்தன.

படித்துக்கொண்டே பாரில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் சிலர் என்னிடம் பழைய கதை கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. ஆர்தரின் அறை

தொண்ணூறுகளின் நடுவில் அங்கே சேர்ந்தேன். இந்த நாட்டில் பப்பின் பெயர்ப்பலகையில் ‘ஹோட்டல்’ என்றுதான் போட்டிருப்பார்கள். அது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. எனக்கு ஹோட்டலில் வேலை என்று மனைவி சொந்தக்காரருக்கெல்லாம் சொன்னாள். அவர்கள் தோசை என்று நினைத்தார்கள். நாங்கள் திருத்தவில்லை.

முதலாளி நோர்மா, ஐம்பதைத் தாண்டிய விதவை. ஆள் கட்டை, குரல் நெட்டை. ஏசாமல் ஒரு போத்தலைக்கூடத் திறக்க மாட்டார். என் வேலை கிளாஸ் பொறுக்குவது, கழுவுவது, நிலவறைக்குப் போய் கெக் மாற்றுவது. கெக் என்பது பியர் வரும் உலோகப் பீப்பாய். பாரின் பின்னால் தரையில் ஒரு பலகைக் கதவு இருந்தது. அதைத் தூக்கினால் ஏணி கீழே போகும். கீழே ஈரச் சுவர், ஒற்றை பல்ப், வரிசையாக கெக்குகள், பியரை மேலே தள்ளும் காஸ் சிலிண்டர்கள். தெருப் பக்க நடைபாதையில் நிலவறைக்கு இன்னொரு இரட்டை இரும்புக் கதவு உண்டு. லொறி வரும் நாளில் மட்டும் அதைத் திறந்து கெக்குகளை உருட்டி இறக்குவார்கள். மற்ற நாட்களில் பூட்டுத்தான்.

வாடிக்கைக்காரரில் இரண்டு பேரைச் சொன்னால் போதும். கெவ், ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர். பலகைக் கதவுக்கு நேரெதிர் ஸ்டூலில், பத்திரிகையின் குதிரைப் பந்தயப் பக்கத்தை விரித்துக்கொண்டு இருப்பார். மிலான், யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர். இரும்பு வார்க்கும் இடத்தில் வேலை. என்னைப்போல் இரண்டு பேரைச் சேர்த்துச் செய்த உடம்பு. என்னைப் பயப்படுத்துவதுதான் இருவருக்கும் பொழுதுபோக்கு.

முதல் நாளே கெவ் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “கவனம் தம்பி, ஆர்தர் கீழதான் நிக்கிறான். உனக்கு முன்னம் அந்த வேலை செய்தவன். செத்தும் வேலையை விடேல்லை.”

கெவ் யாழ்ப்பாணத் தமிழ் பேசவில்லை. மொழிபெயர்ப்பு என் கைவண்ணம்.

ஆர்தர் தன் வீட்டுக் கட்டிலில், வயது போய்ச் செத்தவர் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. குழாயில் காற்று தட்டிச் சத்தம் வந்தால் ஆர்தருக்குத் தாகம் என்பார் கெவ். பார் முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பு ஏணியின் முதல் படியோடு நின்றுவிடும். ஊரில் உயிரோடிருந்தவர்களுக்குப் பயந்து ஓடி வந்தவன், இங்கே செத்தவனுக்குப் பயந்து நடுங்கினேன்.

அதனால் தினமும் காலையில் கீழே போய், தரையில் ஒரு துண்டுக் கற்பூரம் ஏற்றி, அது எரிந்து முடியும்வரை நின்றுவிட்டு வருவேன். சாமித்தட்டில் கற்பூரம் குறைவதைக் கண்ட மனைவி சண்டை பிடிக்கவில்லை. எங்களைக் காரில் ஏற்றி பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போகும் அன்ரியிடம், “மனிசனுக்கு இஞ்ச வந்தாப்பிறகுதான் பக்தி வந்திருக்கு” என்று பெருமையாகச் சொன்னாள்.

2. சத்தம் நின்றது

அது ஒரு வியாழக்கிழமை. காலையில் ஏணியால் இறங்கும்போதே மூக்குக்குள் சோடா ஏறினாற்போல் ஓர் எரிவு. குந்தியிருந்து கற்பூரத்துக்குத் தீக்குச்சியைக் கொண்டுபோனேன். குச்சி அணைந்தது. இன்னொன்றைக் கிழித்தேன். அதுவும் தரைக்கு ஒரு முழம் மேலேயே அணைந்தது. காற்று வீசவில்லை. யாரோ இரண்டு விரலால் சுடரை நசுக்கியதைப் போலிருந்தது. எழும்பியபோது தலை இடித்தது. நெஞ்சு படபடத்தது. எப்படி மேலே வந்தேன் என்று எனக்கே தெரியாது.

ஆர்தர் இனிக் கற்பூரத்துக்கும் அடங்கமாட்டார் என்று முடிவு செய்தேன். இரசாயன ஆசிரியரின் முடிவு அதுதான்.

யாருக்கும் மூச்சு விடவில்லை. சொன்னால் பார் ஒரு மாதத்துக்குச் சிரிக்கும். நோர்மாவிடம் போய், முதுகு பிடித்துவிட்டது, இன்றைக்குக் கெக் தூக்க ஏலாது என்றேன். அவர் என் முதுகை ஏசினார், என் பரம்பரையின் முதுகுகளையும் ஏசினார், பிறகு சரி என்றார்.

பின்னேரம் தொழிற்சாலை விட்டு ஆட்கள் வந்து நிறைந்த நேரம். குழாய் இருமி, நுரை கக்கி, நின்றுவிட்டது. கெக் முடிந்திருந்தது. நோர்மா என்னைப் பார்த்தார். நான் முதுகைப் பிடித்துக்கொண்டேன். அவர் பலகைக் கதவைத் தூக்கிவிட்டுத் தானே இறங்கினார்.

நோர்மா கீழே போனால் பாருக்கு வானொலி தேவையில்லை. கெக்கை, காஸ் குழாயை, பியர் கொம்பனியை, என்னை என்று ஒவ்வொருவராக எடுத்து ஏசுவார். மேலே எல்லோரும் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். அங்கே அது ஒரு வழக்கம். நல்ல வசை ஒன்று வந்தால் கிளாஸைத் தூக்கி வாழ்த்துவதும் உண்டு. அன்றைக்கும் என் முதுகில் தொடங்கி, கெக்குக்கு வந்து, ஒரு சொல்லின் நடுவில் நின்றது.

மனுசி களைத்துப்போய்விட்டா என்று மிலான் பகிடி விட்டார். சிலர் சிரித்தார்கள். கெவ் சிரிக்கவில்லை. கதவுத் துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவ ஒருநாளும் பாதியில விடுறதில்லை,” என்றார்.

நான் துவாரத்தில் குனிந்து கூப்பிட்டேன். பல்ப் வெளிச்சத்தில் ஒரு சப்பாத்து மட்டும் தெரிந்தது. அது அசையவில்லை. அப்போது அந்தச் சோடா எரிவு மறுபடியும் லேசாக மூக்கில் ஏறியது.

என் வகுப்பறை எனக்கு அந்தக் கணத்தில்தான் ஞாபகம் வந்தது. குவளை, மெழுகுதிரி, வாய் பிளந்த பிள்ளைகள். பியரைத் தள்ளுவது எந்தக் காஸ்? அதே காஸ், கரியமில வாயுதான். காற்றை விடப் பாரம். குழிக்குள் தண்ணீர்போல் நிறையும். காலையிலிருந்து அது நிறைந்துகொண்டிருக்கிறது. எவ்வளவு ஆழம் என்று நான் தீக்குச்சியால் அளந்தே பார்த்திருக்கிறேன். அளந்துவிட்டு மேலே வந்து, முதுகு நோகிறது என்று சொல்லியிருக்கிறேன்.

3. குதிரைப் பக்கம்

மிலான் என்னைத் தள்ளிவிட்டு ஏணியில் கால் வைத்தார். நான் அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்தேன். ஊரில் மணிக்கணக்காகப் பாடம் எடுத்த வாயிலிருந்து ‘நோ எயர், நோ எயர்’ என்பதற்கு மேல் ஓர் இங்கிலீஷ் சொல்லும் வரவில்லை.

அவர் திரும்பிப் பார்த்தார். ஒரு பெண் கீழே விழுந்து கிடக்கிறார். தன் வேலையை அவர் தலையில் கட்டிவிட்ட ஒருவன், காப்பாற்றப் போகிறவனையும் மறிக்கிறான். முழுப் பாரும் என்னை அப்படித்தான் பார்த்தது.

“விடடா, பயந்தாங்கொள்ளி,” என்றார் மிலான். என் சட்டைக் கொலரைப் பிடித்து ஒற்றைக் கையால் தூக்கினார்.

அவருடைய கைக்குப் பயந்தேன். அதைவிட, நான் சொல்வது பிழையாக இருந்தால் என்ற பயம். அவர் இறங்கியிருந்தால் நோர்மா பிழைத்திருப்பார், நான் தடுத்துத்தான் செத்தார் என்று ஆகிவிட்டால்? காலையில் பேயை நம்பிய ஒருவனின் அறிவைப் பின்னேரத்தில் எப்படி நம்புவது? நானே நம்பவில்லை.

தொங்கியபடியே கெவ்வின் பத்திரிகையை எட்டிப் பிடுங்கினேன். குதிரைப் பக்கம்தான் கையில் வந்தது. பையிலிருந்த தீப்பெட்டியை எடுத்துக் கொளுத்தினேன். காஸுக்கு நெருப்பு வைக்கிறான் என்று யாரோ கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார். எரியும் தாளைத் துவாரத்துக்குள் போட்டேன்.

பாதித் தூரம் அது எரிந்தபடி ஆடி ஆடிப் போனது. அதற்குக் கீழே, யாரோ கோடு கீறி வைத்ததைப் போல், சட்டென்று அணைந்தது. புகை கீழே இறங்காமல் அந்தக் கோட்டிலேயே பரவி நின்றது. நோர்மாவின் சப்பாத்து அந்தக் கோட்டுக்கு வெகு கீழே கிடந்தது.

மிலான் என்னை இறக்கிவிட்டார். ஏணியில் வைத்த காலை மெல்ல எடுத்தார்.

“றோட்டுக் கதவு,” என்றேன்.

கெவ் தீயணைப்புப் படைக்கு அடிக்க ரெலிபோனுக்கு ஓடினார். நடைபாதைக் கதவின் சாவி நோர்மாவின் இடுப்பில் இருந்தது. மிலான் வெளியே கிடந்த ஒரு வெற்று கெக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பூட்டில் அடித்தார். திரும்பத் திரும்ப அடித்தார். பூட்டு உடைந்து கதவுகள் திறந்தன. பாரில் நின்ற மின்விசிறிகளை இழுத்து வந்து விளிம்பில் வைத்தோம். வயர் எட்டாத இடத்தில் ஜக்கெட்டாலும் அட்டைப்பெட்டி மட்டையாலும் விசிறினோம். பகல் வெளிச்சம் பட்டு நோர்மாவின் முகம் தெரிந்தது. ஈயம் பூசின நிறம். குதித்தால் தொட்டுவிடலாம் போலிருந்தது. ஒருவரும் குதிக்கவில்லை, நான் வேண்டாம் என்றதற்காக.

ஊரில் குண்டு விழும்போது பங்கருக்குள் ஒடுங்கியிருந்திருக்கிறேன். அங்கே சாவு வந்தால் எல்லோருக்கும் மேலேயிருந்து வரும். அது என்னைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. இங்கே என் ஒரு சொல்லுக்குக் கீழே ஒரு மனுசி கிடந்தார். அப்படியொரு பயத்தை நான் அதற்கு முன்பும் பின்பும் பட்டதில்லை.

மிலான் எனக்குப் பக்கத்தில் முழந்தாளில் நின்று விசிறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்: “அவ செத்தா உன்னை நான் விடமாட்டன்.”

ஓம் என்றேன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

தீயணைப்புப் படையினர் முகமூடி மாட்டிக்கொண்டு இறங்கி, நோர்மாவைத் தூக்கிவந்து நடைபாதையில் கிடத்தி, ஒட்சிசன் கொடுத்தார்கள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு கண் திறக்காமலே அவர் உதடு அசைந்தது. கெவ் குனிந்து காது கொடுத்தார். நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

“ஏசுறா,” என்றார்.

மிலான் வீதியோரத்தில் குந்தியிருந்து அழுதார். நானும் பக்கத்தில் குந்திவிட்டேன்.

சிலிண்டர் பக்கத்தில் காஸ் குழாயின் பிடி தளர்ந்திருந்ததாம். ஒருவரைத் தூக்க இறங்கும் மற்றவரும் அங்கேயே கிடப்பதைத்தான் தாங்கள் அடிக்கடி காண்பதாகத் தீயணைப்புக்காரர் ஒருவர் சொன்னார். மிலான் அதைக் கேட்டுவிட்டு, கிழிந்து தொங்கிய என் கொலரைச் சரிசெய்யப் பார்த்தார்.

பிள்ளைகளே, இப்போது நிலவறைகளில் காஸ் அலாரம் வைக்கிறார்கள். அது அடித்தால் உள்ளே போகாதீர்கள், யார் கிடந்தாலும் போகாதீர்கள். இன்னொன்று, உங்களுக்குப் பயம் வந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். காரணம் தெரியாவிட்டால் பேய் என்றாவது சொல்லுங்கள். அன்று காலையில், “கீழ பேய் நிக்குது, நெருப்பை அணைக்குது” என்று நான் சொல்லியிருந்தால் பார் விழுந்து விழுந்து சிரித்திருக்கும். சிரித்து முடிந்தபின் யாராவது ஒருவர், நெருப்பு அணைந்ததா என்று திருப்பிக் கேட்டிருப்பார். எனக்கே என் வாயால் கேட்டபின் விளங்கியிருக்கும். நான் வெட்கப்பட்டதால் நோர்மா கீழே போனார்.

அதை ஆஸ்பத்திரியில் அவரிடமே சொன்னேன். கற்பூரம், ஆர்தர், நோகாத முதுகு, எல்லாவற்றையும் சொன்னேன். ஏச்சுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். வேலையை விடுகிறேன் என்று சொல்லத்தான் போயிருந்தேன். அதற்கும் தைரியம் வராமல், பாதியைத்தான் சொன்னேன்.

“நோர்மா, எனக்கு இனி அந்த அறைக்குள்ள இறங்கப் பயமாயிருக்கு.”

“எனக்கும்தான்; திங்கக்கிழமை நேரத்துக்கு வா.”