நிலைக்கட்டணம் இல்லாத மின்சாரம்

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுக ஊரில், மீன் ஆலையில் பெரிலும் லொரைனும் ஒரே மேசையில் எதிரெதிரே நின்று வேலை பார்த்தவர்கள். நானும் அதே வரிசையில்தான் இருந்தேன். பெரிலின் கல்யாணத்தில் தோழியாக நின்றவள் லொரைன். பெரிலுக்குக் கரு கலைந்தபோது ஆஸ்பத்திரியில் கூட இருந்தவளும் அவள்தான். லொரைன் ஒன்றைச் சரி என்றால் பெரில் மறுபேச்சு பேசமாட்டாள்.

ஓய்வு பெற்ற பிறகு லொரைன் ஒரு மின்சாரக் கம்பெனிக்கு வாடிக்கையாளர்களைச் சேர்த்துவிடும் வேலையில் இறங்கினாள். அக்டோபரில் பெரில் வீட்டுக்கும் வந்தாள். பெரிலின் கணவர் நார்மனுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து குளிர் தாங்காது. அந்த அடுக்குமாடியில் எரிவாயு இணைப்பும் கிடையாது. அதனால் மின்சார ஹீட்டர் பகல் முழுக்க ஓடும்.

"என்னடி இது, அடுப்புக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருக்கு!" என்று ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு லொரைன் டீ குடித்தாள். "ஒரு விளக்குகூடப் போடலைன்னாலும் தினமும் நிலைக்கட்டணம்னு உன்கிட்ட பிடுங்குறான். எங்க திட்டத்துல அது கிடையவே கிடையாது. எரிச்சதுக்கு மட்டும் கொடுத்தா போதும்."

"யூனிட் விலை?" என்று நார்மன் குழறலாகக் கேட்டார்.

"கொஞ்சம் கூடுதல்தான். ரெண்டே பேரு, அப்படி என்னத்த எரிச்சுடப் போறீங்க?"

"அவ நமக்குக் கெடுதலா சொல்லுவா? நீ சும்மா இரு நார்மன்" என்று சொல்லிப் பெரில் கையெழுத்துப் போட்டாள்.

ஜனவரியில் வந்த பில் பழையதைவிட எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. பெரில் அதை மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்தாள். நார்மன் எப்படியோ பார்த்துவிட்டார். அவள் கடைக்குப் போனதும் ஹீட்டரை அணைத்துவிட்டுக் கோட்டைப் போர்த்திக்கொண்டு உட்காருவார். லிப்ட் சத்தம் கேட்டதும் மறுபடி போட்டுவிடுவார். ஒருநாள் லிப்ட் பழுது. பெரில் படியேறி வந்து கதவைத் திறந்தபோது அறை ஜில்லென்று கிடந்தது. மனிதர் கோட்டுக்குள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார்.

நிமோனியா. ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் உண்மையைச் சொன்னார்.

பில், கடன் சிக்கல்களுக்கு இலவசமாக வழி சொல்லும் ஆலோசனை மையத்துக்குப் பெரிலை நான்தான் அழைத்துப் போனேன். அங்கிருந்த பெண் பில்லைப் பார்த்ததுமே முகம் சுளித்தாள். "கொஞ்சமா எரிக்கிறவங்களுக்குத்தாம்மா இந்தத் திட்டம் லாபம். நாள் முழுக்க ஹீட்டர் ஓடுற வீட்டுக்கு, மிச்சம் பிடிச்ச நிலைக்கட்டணத்தைவிட யூனிட் விலையிலயே பல மடங்கு போயிடும். யாரு இதை உங்க தலையில கட்டினது?"

பெரில் பில்லை வாங்கிக்கொண்டு எழுந்தாள். நேரே லொரைன் வீட்டுக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அந்த ஹீட்டர் சூடு தாங்காம ஸ்வெட்டரைக் கழட்டினியேடி. நாங்க எவ்வளவு எரிக்கிறோம்னு உனக்குத் தெரியாது?"

லொரைன் வாசற்படியிலேயே நின்றாள். "தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"அந்த மாசம் சேர்க்கவேண்டிய கணக்குல எனக்கு ஆள் குறைஞ்சுது. மத்தவங்க ஆயிரம் கேள்வி கேப்பாங்க. நீ கேக்கமாட்டேன்னு..."

பெரில் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வா, போகலாம்" என்றாள். தெருமுனை வந்த பிறகுதான் அழுதாள்.

பழைய திட்டத்துக்கே திரும்பினார்கள். பாதியில் விலகுவதற்கான அபராதத்தைத் தான் கட்டுவதாக லொரைன் ஆள் விட்டுச் சொன்னாள். பெரில் ஒத்துக்கொள்ளவில்லை. நார்மன் மார்ச்சில் வீடு திரும்பினார். இருமல் மட்டும் விடவில்லை. "அவளை வரச் சொல்லேன், பாவம்" என்று அவரே சொல்லிப் பார்த்தார்.

"அறியாம செஞ்சிருந்தா நானே போய்க் கூட்டிட்டு வந்திருப்பேன்" என்றாள் பெரில்.

சென்ற வெள்ளிக்கிழமை லொரைன் மீன் வறுவல் பொட்டலத்தோடு வந்து மணி அடித்தாள். நான் உள்ளேதான் இருந்தேன்; அவள் தெருவில் வருவதை ஜன்னலிலேயே பார்த்துவிட்டோம். பெரில் எழுந்திருக்கவில்லை, என்னையும் எழவிடவில்லை. மணி இன்னொரு தடவை அடித்தது. பிறகு லிப்ட் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது.