செராஸிலிருந்து வந்த தகரக் கொட்டகை

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது கிள்ளானில் எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு பலகைக் கொட்டகை நின்றது. எங்களுக்கு முன் அந்த வீட்டில் இருந்தவர்கள் விட்டுப்போனது. பெரியவர்கள் அதை ஸ்டோர் என்பார்கள். புல் வெட்டும் இயந்திரம், பழைய மெத்தை, தீபாவளிக்கு மட்டும் வெளியே வரும் பெரிய இரும்புச்சட்டி, என் முதல் சைக்கிள், என்றைக்காவது உதவும் என்று அப்பா சேர்த்துவைத்த குழாய்த் துண்டுகள் எல்லாம் அதற்குள் இருந்தன. கரையான் அரித்து அரித்து, அது பக்கத்து வீட்டு வேலிமேல் சாய்ந்துகொண்டிருந்தது. அம்மா துணி காயப்போடும்போது அதை ஒரு முறை பார்ப்பார். பிறகு அப்பாவை ஒரு முறை பார்ப்பார். இப்படியே ஒரு வருடம் போனது.

அப்பா துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் போர்க்லிப்ட் ஓட்டினார். நாள் முழுக்க ஊரார் பொருளை ஒழுங்காக அடுக்கிவிட்டு வருகிறவருக்கு வீட்டில் எதையும் அடுக்க மனம் வருவதில்லை என்பது அம்மாவின் கருத்து. ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை அப்பா கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைப் பார்த்தார். செராஸில் ஓர் அம்மா தன் தோட்டத்துத் தகரக் கொட்டகையைக் கொடுத்துவிடப் போகிறார், வேண்டியவர்கள் வந்து கழற்றிக்கொண்டு போகலாம். சனிக்கிழமை வருகிறோம் என்று அப்பா அங்கே சொல்லிவிட்டு, அன்று சாயங்காலமே எங்கள் பலகைக் கொட்டகையை இடித்துத் தள்ளினார். பழையது இல்லையென்றால் பின்வாங்க முடியாது என்று நினைத்திருக்க வேண்டும். ஐந்து நாள் எங்கள் மெத்தையும் சட்டியும் சைக்கிளும் மாமாவின் லோரியிலிருந்து எடுத்துவந்த நீலக் கான்வாஸுக்குக் கீழே கிடந்தன. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அது நல்ல அறிகுறி இல்லை என்று எனக்குக்கூடத் தெரிந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. காய்கறி ஏற்றும் சின்ன லோரி வைத்திருந்தார். சனிக்கிழமை காலையில் அப்பா, மாமா, நான் மூவரும் முன்சீட்டில் நெருக்கிக்கொண்டு செராஸுக்குப் போனோம். லோரிக்குள் எப்போதும்போல் கொத்தமல்லி வாசனை அடித்தது.

அந்த வீட்டில் எங்கு பார்த்தாலும் அட்டைப்பெட்டிகள். கதவைத் திறந்த ஆன்டி மெலிந்தவர். தலைமுடியைக் குட்டையாக வெட்டி, பூப்போட்ட கவுன் போட்டிருந்தார். மூக்குக் கண்ணாடி ஒரு சங்கிலியில் கழுத்திலிருந்து தொங்கியது. அங்கிள் போன வருடம் இறந்துவிட்டார். ரயில்வேயில் வேலை பார்த்தவராம். ஆன்டி இனிமேல் பங்சாரில் மகனின் அடுக்குமாடி வீட்டில் இருக்கப் போகிறார்.

"பன்னெண்டாவது மாடி தம்பி," என்று அப்பாவிடம் சொன்னார். "பால்கனியில ஒரு பூச்சட்டி வைக்கலாம். ரெண்டாவது வெச்சா நான் உள்ள நிக்கணும்."

கொட்டகை பின்புறத்தில் இருந்தது. வெளிர்பச்சை நிறம். உள்ளே எல்லாவற்றையும் காலி செய்து, தரையைக்கூடத் துடைத்து வைத்திருந்தார். அப்பா கூரையைக் கழற்றத் தொடங்கியதும் ஆன்டி சிவப்பும் இனிப்புமான சிராப் தண்ணீர் கொண்டுவந்தார். ஒரு பக்கத்துச் சுவருக்குப் போனதும் பிஸ்கட் வந்தது. அடுத்த சுவரில் கைவைக்கும்போது, "சாப்பிட்டுட்டுக் கழட்டுங்களேன், சோறு ஆறுது," என்றார். மாமா அப்பாவின் காதருகே, "மச்சான், இப்படியே போனா இன்னிக்கு இங்கதான் படுக்கணும் லா," என்றார். எனக்குக் கோழிக்குழம்பு பிடித்திருந்ததால் நான் ஆன்டியின் பக்கம்.

மொத்தம் இருபத்திரண்டு தகரங்கள். ஒவ்வொன்றையும் கழற்றியதும் அப்பா அதன்மேல் சாக்குக்கட்டியால் பெரிதாக ஓர் எண்ணும், எந்தப் பக்கம் மேலே என்று ஓர் அம்புக்குறியும் போட்டார். தன் ஏற்பாட்டில் அவருக்கு அவ்வளவு திருப்தி. "நாளைக்கு ரெண்டே மணி நேரத்துல நிக்கும் பாரு," என்று என்னிடம் சொன்னார். நாங்கள் கிளம்பியபோது ஆன்டி வாசலுக்கு வரவில்லை. கொட்டகை இருந்த இடத்தில், சிமெண்டுத் தரையில் தெரிந்த சதுரத்தின் நடுவில் நின்று கையை ஆட்டினார்.

ஷா ஆலாம் தாண்டும்போது மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை, முன்னால் போகிற காரின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிகிற மழை. மாமா வண்டியை மெதுவாக்கிவிட்டு, "மச்சான், கான்வாஸ்?" என்றார். கான்வாஸ் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் மெத்தையை மூடிக்கொண்டிருந்தது.

இறக்கிப் பார்த்தபோது தகரங்கள் புதிதாகக் கழுவிவைத்ததுபோல் பளபளத்தன. ஓர் எண்கூட இல்லை. அம்மா பின்கதவில் நின்று இருபத்திரண்டு தகரங்களையும் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார்.

வேறு வழியில்லாமல் அப்பா செராஸுக்குப் போன் செய்தார். பொருத்துகிற முறையைப் போட்ட தாள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எல்லோரும் கேட்கும்படி போன் மேசைமேல் இருந்தது.

"தாளெல்லாம் எப்பவோ போச்சு தம்பி," என்றது ஆன்டியின் குரல். பிறகு ஓர் அட்டைப்பெட்டியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. "ஆனா எனக்குத் தெரியும். அவரும் நானும்தானே கட்டினோம். நான் வரேன். நாளைக்குப் பிரிக்பீல்ட்ஸ்ல சர்ச் முடிஞ்சதும் அப்படியே ரயிலேறி வந்துடறேன். நீங்க எதையும் தொட வேணாம், என்ன?"

ஞாயிற்றுக்கிழமை காலையை நினைத்தால் இப்போதும் எனக்கு முதலில் வருவது வெளிச்சம்தான். மழை இரவெல்லாம் பெய்து ஓய்ந்திருந்தது. முந்தின நாள் இறக்கிய தகரங்களைப் புல்மேல் பரப்பியிருந்தார்கள். இடம் போதாமல் ஒன்றிரண்டை ரம்புத்தான் மரத்தில் சாத்தியிருந்தார்கள். புல்மேல் கிடந்த ஒவ்வொரு தகரத்திலும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி, அதில் வானம் இருந்தது. மேகங்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, நடுவிலிருக்கும் புல்லைத் தாண்டி, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. நான் வெறுங்காலோடு அந்த இடைவெளிகளில் நடந்தேன். வானத்தில் வரப்பு வெட்டி நடப்பதுபோல் இருந்தது. எங்கேயோ ஒரு வீட்டில் சாம்பிராணி போட்டிருந்தார்கள். ரம்புத்தான் இலையிலிருந்து சொட்டு விழும்போதெல்லாம் ஒரு தகரம் மெல்ல ஒலித்தது. எவ்வளவு நேரம் அப்படி நடந்தேன் என்று தெரியாது.

பிறகு, உதவி செய்யலாம் என்று ஒரு துணியை எடுத்துவந்து தகரங்களைத் துடைத்தேன். அப்போதுதான் பார்த்தேன். தகரத்தின் ஓரத்தில், உள்பக்கமாக மடித்திருந்த விளிம்பில், பொடியாக அச்சு குத்தியிருந்தது: ஏ1. அடுத்ததைத் திருப்பினேன். ஏ2. இன்னொன்றில் சி4. தொழிற்சாலையிலேயே போட்ட எண்கள். ஒவ்வொரு சுவருக்கும் ஓர் எழுத்து. ஒரு பள்ளிப்பிள்ளைகூடப் பார்த்துப் பொருத்திவிடலாம்.

நான் கத்திக்கொண்டே அடுப்படிக்கு ஓடினேன். அப்பா காப்பிக் கோப்பையோடு வந்தார். நாலைந்து தகரங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்படியே குந்திவிட்டார். அம்மாவும் வந்து குனிந்து பார்த்தார்.

"அப்ப ஆன்டிய வர வேணாம்னு சொல்லிடலாமா?" என்று அப்பா கேட்டார்.

"நேத்து போன்ல அவங்க குரல் கேட்டீங்கல்ல?" என்றார் அம்மா.

"கேட்டேன்."

"அப்புறம் என்ன?"

அப்பா புரட்டிய தகரங்களைப் பழையபடி திருப்பி வைத்தார். பிறகு என்னிடம், "இந்த நம்பர் விஷயத்த ஆன்டிகிட்ட சொல்லாதம்மா," என்றார்.

"ஏன்?"

"சும்மா லா."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் இரண்டு நாளாக யாரும் கண்டுபிடிக்காததை நான் கண்டுபிடித்திருக்கிறேன். அதற்குப் பரிசு, வாயை மூடு என்பது.

பகல் பன்னிரண்டு மணிவாக்கில் அப்பா கிள்ளான் ரயில் நிலையத்துக்குப் போய் ஆன்டியை அழைத்துவந்தார். சர்ச்சுக்குப் போட்ட நல்ல கவுன், கையில் பட்டர் கேக், பையில் ஒரு பழைய ஆண்பிள்ளைத் தொப்பி. வந்ததும் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு புல்லில் இறங்கினார். சாப்பிடச் சொன்ன அம்மாவிடம், "முதல்ல வேல," என்றார். முந்தின நாள் எங்களைச் சாப்பிடச் சொல்லிச் சொல்லி வேலையை நிறுத்தியவர் இவர்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ஒவ்வொரு தகரமாகத் தொட்டுப் பார்த்தார். "இது கதவுக்கு இடப்பக்கம். இந்தப் பள்ளம் பாத்தீங்களா? மகன் பந்தடிச்சது. அவர் ஒரு வாரம் அவன்கூடப் பேசல." அதை அப்பாவும் மாமாவும் தூக்கி நிறுத்தினார்கள். "இது வெயில் படற பக்கம், நிறம் எப்படி வெளுத்துப்போச்சு பாருங்க. இது தெருப்பூன வந்து முதுகு தேய்க்கிற இடம்." அதுவும் நின்றது. அப்பா, "அப்படியா ஆன்டி? இதுவா ஆன்டி?" என்று கேட்டுக் கேட்டுச் செய்தார். அவர் கேட்ட ஒவ்வொரு தகரத்தின் எண்ணும் எனக்கு மனப்பாடம். ஆன்டி சொன்னது ஒவ்வொன்றும் சரியாகவே இருந்தது. இடையிடையே மெல்லிய குரலில் சர்ச் பாட்டு ஒன்றை முனகினார். மாமாவுக்கு எண்கள் இருப்பதே தெரியாது என்பதால், "எப்படி ஆன்டி இவ்ளோ ஞாபகம்?" என்று உண்மையாகவே வியந்துகொண்டிருந்தார்.

பின்சுவர் வந்தபோது ஆன்டி, இதைக் கட்டிய நாளில் மழை வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் வீட்டுக்குள் நிற்காமல், அங்கிள் ஒரு தகரத்தை இரண்டு பேர் தலைக்கும் மேலே பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றாராம். "கை வலிக்கலையான்னு கேட்டேன். வலிக்குது, ஆனா சத்தம் நல்லாருக்குன்னாரு." சொல்லிக்கொண்டே ஒரு தகரத்தைக் காட்டினார். தூக்கி வைத்தார்கள். துளைகள் சேரவில்லை.

"கொஞ்சம் தள்ளினா வந்துடும் ஆன்டி," என்று அப்பா தோளைக் கொடுத்துத் தள்ளினார். தகரம் முனகியது. மாமா இன்னொரு பக்கம் இழுத்தார். தகரம் வளைந்தது. காலையிலிருந்து அடக்கிவைத்திருந்தது எனக்குத் தாங்கவில்லை.

"அது டி3! அங்க டி2 போடணும்!"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

ஆன்டி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல், "டி2 அதோ ரம்புத்தான் மரத்துல சாஞ்சிருக்கு பாரு பாப்பா, அத எடுக்கச் சொல்லு," என்றார்.

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். மரத்தில் சாய்ந்திருந்த தகரத்தின் எண் மரத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. இங்கிருந்து யாருக்கும் தெரியாது.

முதலில் சிரித்தது அம்மா. வாயைக் கையால் மூடிக்கொண்டும் அடக்க முடியவில்லை. ஆன்டி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "உங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"காலையிலதான் ஆன்டி," என்றார் அப்பா, வகுப்பில் மாட்டிக்கொண்ட பையனைப்போல.

"எனக்குப் பன்னெண்டு வருஷமாத் தெரியும்," என்றார் ஆன்டி.

"எனக்கு மட்டும்தான் தெரியாதா?" என்று மாமா தகரத்தைப் பிடித்தபடியே கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஆன்டி புல்லிலேயே உட்கார்ந்து சிரித்தார். கவுன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகும் அவர் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னை யாரும் திட்டவில்லை. ஆனால் கண்டுபிடித்தது நான்தான் என்பதும் யாருக்கும் நினைவில்லை.

அதன்பிறகு வேலை வேகமாக நடந்திருக்க வேண்டும், எண்கள்தான் வெளியே வந்துவிட்டனவே. நடக்கவில்லை. யாரும் விளிம்பைப் புரட்டிப் பார்க்கவில்லை. ஆன்டி கதையைச் சொல்லிச் சொல்லித் தகரத்தைக் காட்டினார், அவர்கள் தூக்கி நிறுத்தினார்கள். இடையில் கேக்கும் தேநீரும் ஆயின. கூரை ஏறியபோது வெயில் சாய்ந்து, முற்றம் முழுக்கத் தேன் நிறமாகியிருந்தது.

எல்லாம் முடிந்து அப்பாவும் மாமாவும் கை கழுவப் போனார்கள். ஆன்டி கொட்டகைக்குள் போய், என்னையும் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். இருட்டு என்று நினைத்தேன். அங்கிள் அலமாரிகள் மாட்டியிருந்த பழைய துளைகள் சுவரெங்கும் இருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய கோடு வெளிச்சம் வந்தது. ஆன்டியின் கவுன்மேலும் என் கைமேலும் பொட்டுப் பொட்டாக வெயில் விழுந்திருந்தது. தகரம் பகல் முழுக்க வாங்கிய சூட்டை விட்டுக்கொண்டு டிக், டிக் என்றது. ஆன்டி ஒரு கையை உயர்த்தித் தகரத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது.

"ஆன்டி, நம்பர் இருக்குன்னு நேத்து போன்லயே சொல்லியிருந்தா நீங்க இவ்ளோ தூரம் ரயிலேறி வந்திருக்க வேணாம்ல?"

அவர் அதை யோசித்தார். அப்படி ஒரு வழி இருந்தது இப்போதுதான் தெரிந்ததுபோல யோசித்தார்.

"ஆமா பாப்பா," என்றார். "சொல்லியிருக்கலாம்."

எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. வயதானவர், மறந்திருப்பார். "அடுத்த தடவ ஞாபகமாச் சொல்லிடுங்க," என்றேன்.

"சரிம்மா. அடுத்த தடவ சொல்லிடறேன்."

ஒருவருக்கு நல்ல யோசனை சொல்லிவிட்ட திருப்தியோடு கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினேன். அவரும் பின்னாலேயே வருவார் என்று நினைத்தேன். அவர் உள்ளிருந்தபடியே கதவை மறுபடி சாத்திக்கொண்டார்.