பன்னிரண்டு நிமிட மழை

தளேகாவ் ஷெட்டில் என் வேலை மழையில் உட்கார்ந்திருப்பது. பணக்காரர்கள் வாங்கப்போகும் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வேன். காரைத் தகரக் கூண்டுக்குள் தள்ளி, மேலேயும் பக்கத்திலும் இருக்கிற குழாய்களைத் திறந்துவிடுவார்கள். பன்னிரண்டு நிமிடம் தண்ணீர் அடிக்கும். நான் உள்ளே டார்ச் அடித்துக் கண்ணாடி ஓரம், கதவு ரப்பர், கூரை மூலை எல்லாவற்றையும் தடவிப் பார்ப்பேன். வெள்ளைக் கையுறை, வெள்ளைக் காலுறை. ஒரு சொட்டு பட்டாலும் தெரிந்துவிடும். செருப்பு, பெல்ட், மோதிரம், கடிகாரம் எதுவும் உள்ளே வரக்கூடாது. சீட்டுத் தோலில் கீறல் விழும்.

கடிகாரம் இல்லாததால் நேரத்தை ஸ்டேஷன்களாக எண்ணினேன். புனேயில் லோக்கல் ஏறினால் தளேகாவ் பன்னிரண்டாவது ஸ்டேஷன். புனே, சிவாஜி நகர், கட்கி, தாபோடி என்று ஒவ்வொன்றிலும் மனதுக்குள் வண்டியை நிறுத்தி, அந்தப் பிளாட்பாரத்து வடாபாவ் கடை, தண்ணீர்க் குழாய், படுத்திருக்கும் நாய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கிளம்பினால் சரியாக ஒரு நிமிடம் ஆகும். ஒன்பதாவது தேஹு ரோடு, என் வீடு இருந்த ஊர். தளேகாவ் வந்ததும் தண்ணீர் நிற்கும். பெரிதாகப் பிசகாது. உடம்பை ஓரிடத்தில் உட்கார வைக்க வேண்டுமானால் மனசாவது எங்காவது போய்க்கொண்டிருக்க வேண்டும், எனக்கு அப்படித்தான்.

எட்டாம் வகுப்போடு ஓமலூரை விட்டுக் கிளம்பியவன். லாரி கிளீனர், சூரத்தில் சாயப்பட்டறை, நாசிக்கில் திராட்சைப் பெட்டிக்கு ஆணி அடிப்பது, கோவாவில் ஹோட்டல் பாத்திரம். எங்கும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. யாரும் துரத்தவில்லை. ஒரு நாள் காலையில் கால் அரிக்கும், கிளம்பிவிடுவேன். நாசிக் ஸ்டேஷனில் இரண்டு மாதம் படுத்திருக்கிறேன். சாயப்பட்டறையில் கைத்தோல் உரிந்தது. ஆறியதும் வேறு ஊர்.

என் மனைவி தேஹு ரோட்டில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா அங்கே ராணுவ டிப்போவில் வேலை பார்த்தவர். என்னோடு ஊர் ஊராக வந்து அலுத்துப்போய்க் கடைசியில் தன் ஊருக்கே என்னை இழுத்து வந்தாள். தளேகாவில் நான் சேர்ந்த அன்று கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"எட்டு வருஷத்துல ஏழு கோலி மாத்திட்டேன். பொண்ணு மூணு பள்ளிக்கூடம் பாத்துட்டா. இந்த கோலிய விட்டு இனிமே நான் நகர மாட்டேன். பர்மனென்ட் ஆர்டர வாங்கிட்டு வந்து என் கையில குடுங்க. அப்பறம் கால் அரிச்சா உக்காந்த எடத்துல சொறிஞ்சுக்கோங்க."

கோலி என்றால் ஒற்றை அறை. எங்களுடையதில் ஒரு ஜன்னலும் உண்டு.

நான் சேர்ந்தபோது ஷெட் வாசல் பலகையில் ஒரு ஐரோப்பியக் கம்பெனியின் பெயரும் புனே குடும்பம் ஒன்றின் பெயரும் இருந்தன. பாகங்கள் மரப்பெட்டிகளில் கப்பலில் வரும், நாங்கள் பூட்டுவோம். அந்தக் கார் இப்போது சாலையில் கண்ணில் படுவதில்லை. அன்று அதன் கதவைச் சாத்தினால் சத்தமே வராது, காதுக்குள் காற்று லேசாக அழுந்தும், அவ்வளவுதான். முன்பலகையில் நிஜ மரம். சாம்பல் கிண்ணத்தின் மூடிகூடப் பெருமூச்சு விடுவது போல மெதுவாக இறங்கும்.

மூன்றாம் வருஷம் அந்தக் கம்பெனியை வேறொரு பெரிய கம்பெனி வாங்கியது. பலகை மாறியது, சட்டை நிறம் மாறியது. புனே குடும்பம் விலகிக்கொண்டது. அதற்கு இரண்டு வருஷம் கழித்துப் பெரிய கம்பெனி எங்களை இன்னொருவருக்கு விற்றது. வாங்கியவர்கள் யார் என்று எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. எந்த நாடு என்பதிலேயே கேன்டீனில் சண்டை நடந்தது. பானட்டில் இருந்த முத்திரை மட்டும் மாறவில்லை. மரம் போய் மரம் போல அச்சடித்த தாள் வந்தது. சீட்டில் உடம்பு படும் இடத்தில் மட்டும் தோல், முதுகுப்புறம் ரெக்ஸின். சாம்பல் கிண்ண மூடி 'டக்' என்று விழுந்தது. விலை மட்டும் இறங்கவில்லை.

எனக்குத் தெரிந்த மாற்றம் ஒரு கிளிப். கூரையில் திறக்கிற கண்ணாடி இருக்கும் வண்டிகளில், அதைச் சுற்றி விழும் தண்ணீர் வடிய நான்கு மூலையிலும் ரப்பர் குழாய் உண்டு. கார்க் கூரையைத் தாங்கும் தூண்களுக்குள் மறைவாக இறங்கிக் காருக்கு அடியில் போய்விடும். குழாயின் தலையை இறுக்கிப் பிடிக்க முதலில் எஃகுக் கிளிப் வந்தது. இரண்டாவது முதலாளி பிளாஸ்டிக் ஆக்கினார். மூன்றாவது முதலாளி கிளிப்பே வேண்டாம், குழாயை அழுத்திச் சொருகினால் போதும் என்றார். மிச்சமிருந்த எஃகுக் கிளிப்புகளைக் காயலான் குவியலில் கொட்டினார்கள். நான் ஒரு பிடி அள்ளிப் பையில் போட்டுக்கொண்டேன். எந்தத் திட்டமும் கிடையாது. ஓய்வு நேரத்தில் விரலால் அழுத்தி விட, அழுத்தி விட, கைக்கு ஒரு வேலை.

கூடவே மழையும் குறைந்தது. பன்னிரண்டு நிமிடம் ஏழாகி, மூன்றாவது முதலாளி காலத்தில் நான்கானது. தாபோடி வந்தவுடன் மணி அடித்துவிடும்.

தசராவுக்கு முந்தைய நாள். புனேயில் வண்டி வாங்குகிறவர்களுக்குத் தசரா அன்றே சாவி கையில் வரவேண்டும். அன்று ஷெட்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு கறுப்பு வண்டிக்குள் நான் உட்கார்ந்திருந்தேன். மணி அடித்துவிட்டது, குழாயை மூடவேண்டியவன் டீ குடிக்கப் போயிருந்தான். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் பழைய பழக்கப்படி காசர்வாடி, பிம்ப்ரி என்று போய்க்கொண்டிருந்தேன். தேஹு ரோடு வந்தபோது இடது கால் பெருவிரல் சில்லென்றது. காலுறை நனைந்திருந்தது. தூணுக்குள்ளேயே வழிந்து கார்ப்பெட்டுக்கு அடியில் தண்ணீர் வந்திருக்கிறது.

வண்டியைத் தடுத்து நிறுத்தும் சிவப்பு அட்டையை மாட்டினேன். சூப்பர்வைசர் வந்தார். மராட்டிக்காரர், நல்ல மனுஷர். தெற்கத்திக்காரன் என்பதால் என்னை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார். இந்தியில்தான் பேசிக்கொண்டோம்; எனக்கு நினைவில் தமிழாகவே இருக்கிறது.

"என்ன அண்ணா, நல்ல நாளும் அதுவுமா சிவப்பு?"

"தண்ணி வருது ஸாஹேப்."

"நாலு நிமிஷத்துல வந்துச்சா?"

"இல்ல. ஒன்பதாவது நிமிஷத்துல."

"அப்ப பாஸ்."

"புனே மழை நாலு நிமிஷத்துல நிக்குமா ஸாஹேப்?"

அவர் சிரிக்கவில்லை. "அண்ணா, பர்மனென்ட் லிஸ்ட்டு இன்னைக்கு சாயங்காலம் ஆபீசுக்குப் போகுது. உன் பேர நான்தான் எழுதியிருக்கேன். சிவப்பு அட்டை தொங்கற வண்டியோட அந்த லிஸ்ட்ட நான் எப்படிக் கொண்டு போறது?"

அட்டையைக் கழற்றினேன். பாஸ் தாளில் என் எண் பொறித்த முத்திரையைக் குத்தினேன். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் காரை எடுக்க வந்தவர் ஹிஞ்சேவாடியில் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்க்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். சாமந்தி மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். இன்னொரு தொழிலாளியிடம் நான் முணுமுணுத்த ஏதோ ஒரு சொல் காதில் விழுந்து என் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, நீங்க தமிழுங்களா! நமக்கு எந்த ஊருங்க?"

"ஓமலூருங்க."

"அட, பக்கந்தான்! எங்க வீட்லயே மொத காருங்ணா இது. எங்கப்பா கடைசி வரைக்கும் டிவிஎஸ் பிப்டிதான். நீங்க சொல்லுங்க, வண்டி நல்லாருக்குதுங்களா?"

சூப்பர்வைசர் மராட்டித் தசரா வழக்கப்படி ஆப்டா மரத்து இலையைத் தங்கம் என்று சொல்லி எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தார். என் கையிலும் ஒன்று வைத்தார். இலையை வைத்துக்கொண்டு, "நல்லாருக்குங்க" என்றேன். கோயம்புத்தூர்க்காரர் விலாசக் கார்டு ஒன்றை எடுத்துக் கொடுத்து, "எங்க பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்ணா" என்று சொல்லிவிட்டு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு போனார்.

ஜனவரியில் ஆர்டர் வந்தது. மனைவி அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டிக்குள் பட்டுச் சேலைக்கு அடியில் வைத்தாள். அன்றைக்கே ஜன்னலுக்குத் திரை தைத்தாள். ஏழு கோலியில் எதற்கும் அவள் திரை தைத்ததில்லை.

தசராவுக்குப் பிறகு ஜூன் வரை புனேயில் பெரிய மழை கிடையாது. வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அந்தக் குழாய் வரை போகாது. ஆக எட்டு மாதம் அந்தக் கார் காய்ந்துதான் இருக்கும். எனக்கு அது தெரியும். தெரிந்தும் பிப்ரவரியிலேயே வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். கால் அரித்தது. ஆனால் எந்த ஊர் பெயரும் மனதில் வரவில்லை. ரயிலில் நின்றால் உட்காரத் தோன்றும், உட்கார்ந்தால் எழத் தோன்றும். "ஆட்டாதீங்க, கட்டில் உடையுது" என்பாள் மனைவி. பையில் கிளிப்பை அழுத்தி அழுத்திக் கட்டை விரலில் காய்ப்பு விழுந்தது. மே மாதம் மேற்கே மேகம் கட்டியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கார்டில் இருந்த விலாசத்துக்குப் பஸ் ஏறினேன். பெரிய அடுக்குமாடி. "கம்பெனியிலருந்து வர்றேன், மழைக்கு முன்னால ஒரு செக்கப்" என்றேன். அவரிடம் நான் சொன்ன இரண்டாவது பொய். கீழே கார் நிறுத்துமிடத்தில் அவரே டார்ச் பிடித்தார். இடது முன்தூணின் உறையைக் கழற்றியதும் பார்த்தேன்: குழாய் தலையிலிருந்து கழன்று ஒரு விரற்கடை கீழே தொங்கிக்கொண்டிருந்தது. நான்கு மூலையிலும் கிளிப் போட்டு முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. வீட்டிலிருந்து டபராவில் காபி வந்தது.

"இது இல்லாமயே குடுத்துட்டாங்களா?"

"விட்டுப் போச்சுங்க."

"ஃப்ரீ சர்வீஸுங்களா?"

"ஆமாங்க."

"பரவால்லியே! இந்தக் காலத்துல எவன் வூடு தேடி வர்றான்!"

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அசையாமல் வந்தேன்.

அந்த மனிதர் நல்லவர். அதுதான் வினையாகப் போனது. கம்பெனியின் தலைமை ஆபீசுக்கு என்னைப் பாராட்டி ஒரு மின்னஞ்சல் எழுதினார். கிளிப்பின் போட்டோவையும் சேர்த்து அனுப்பியிருந்தார். நாலாவது நாள் சூப்பர்வைசர் என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, ஆங்கிலத்தில் இருந்ததை எனக்குப் புரியும்படி சொன்னார். 'வண்டியில் விட்டுப்போன நான்கு கிளிப்புகளை உங்கள் ஊழியர் வீடு தேடி வந்து பொருத்தினார். இப்படி ஒரு கம்பெனியை நான் பார்த்ததில்லை.'

"மேல இருக்கறவங்களும் பாத்ததில்ல அண்ணா," என்றார். "விட்டுப்போச்சுன்னு கம்பெனி ஆளே சொன்னா, இந்த மாடல் வண்டி அத்தனையையும் திருப்பிக் கூப்பிடணும். புரியுதா?"

"கூப்பிடலாமே ஸாஹேப்."

"உளறாதே. ஒரு தாள் தர்றேன். கிளிப் தேவையே இல்ல, நான் சொந்தமா காசு பாக்கப் போனேன்னு எழுது. வார்னிங்கோட முடிஞ்சிடும். ஆர்டர் பத்திரமா இருக்கும்."

"குழாய் கழண்டு தொங்கிச்சு. கண்ணால பாத்தேன்."

"நீ பாத்தது நாலு நிமிஷத்துக்கு வெளியில அண்ணா."

எனக்கு இந்தி எழுத வரும், மெதுவாக. பேனாவைத் திறந்தேன். மூடினேன். திறந்தேன். பெட்டிக்குள் சேலைக்கு அடியில் இருக்கிற தாளையும் ஜன்னல் திரையையும் நினைத்துக்கொண்டேன். தேதியை மட்டும் எழுதினேன். அதற்குக் கீழே கை ஓடவில்லை. அவர் பத்து நிமிடம் பொறுமையாக இருந்தார். பிறகு நான் முத்திரையைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "போய்ச் சாப்பிட்டுட்டுக் கிளம்பு, இன்னைக்குக் கேன்டீன்ல மிசல்" என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தசராவுக்கு முந்தைய நாளிலிருந்து. அவள் வெங்காயம் அரிந்துகொண்டே கேட்டாள்.

"நீங்களா கிளம்புனீங்களா, அவங்க கிளப்புனாங்களா?"

"ரெண்டுந்தான்."

"நான் இந்த கோலிய விட்டு வர மாட்டேன்."

"வர வேண்டாம். நானும் போகல."

"உங்க காலு கேக்குமா?" என்றாள். அதற்கப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆர்டர் தாளைப் பெட்டியிலிருந்து எடுக்கவும் இல்லை.

ஜூன் இரண்டாம் வாரம் மழை பிடித்தது. பகல் முழுக்க விடாமல் அடித்தது. தேஹு ரோடு ஸ்டேஷனில் ரூபாய் போடும் போனில் அந்தக் கார்டில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். தகரக் கூரைச் சத்தத்தில் யாரென்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"அண்ணா, நீங்களா! பொட்டுத் தண்ணி இல்லீங்க. கார்ப்பெட் பொரியாட்டம் காஞ்சு கெடக்குது."

பிளாட்பாரத்துப் பெஞ்சு பக்கத்தில்தான் இருந்தது. ஒயர் எட்டியதால் உட்கார்ந்துகொண்டேன்.

"ஆனா எங்க ஆபீஸ்ல இன்னொருத்தரு, இதே வண்டிதானுங்க, கால் வெக்கற எடத்துல கொளமாட்டம் நிக்குதாம். கம்பெனிக்குப் போன் போட்டா ஆளே வரலீங்களாம். உங்கள அனுப்பச் சொல்லி நான் இன்னொரு மெயில் போடட்டுங்களா?"

பைக்குள் கைவிட்டுத் துழாவினேன். எட்டு கிளிப் மிச்சமிருந்தது.

"மெயில் மட்டும் வேண்டாங்க," என்றேன். "அவரு வீடு எங்கன்னு சொல்லுங்க."