தவறிய தையலுக்காகக் காஞ்சிபுரம் போனேன்

தாம்பரத்திலிருந்து காஞ்சிபுரம் போகிறேன் என்றால், பட்டு எடுக்கவா, கோயிலுக்கா என்று கேட்பார்கள். போன ஆடியில் நான் போனது இரண்டுக்கும் இல்லை. பிரசவத்தில் கிழிந்த இடத்தைத் திறந்து மறுபடி தைத்துக்கொள்ளப் போனேன். இதே காரணத்துக்காக எங்காவது கிளம்ப யோசிக்கும் பெண்களுக்காக எழுதுகிறேன்.

மகள் பிறந்து அப்போது ஏழு மாதம். காற்றும், சில நாள் மலமும், எனக்குத் தெரியாமலே வெளியேறிக்கொண்டிருந்தன. வலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது. இடுப்புக்குக் கீழே வேறு யாரோ குடியிருப்பதுபோல் தோன்றும். பிரசவம் பார்த்த இடத்தில் "தையல் நல்லா ஆறிடுச்சு" என்றே சொன்னார்கள். நான் வேலைக்குத் திரும்பவில்லை. கணவரிடம் சொல்லவே பல வாரம் ஆனது.

இப்படிப்பட்ட கிழிசலைச் சரிசெய்யும் மருத்துவர் காஞ்சிபுரத்தில் இருப்பதாக அண்ணி விசாரித்துச் சொன்னார். குழந்தையைக் கணவரிடம் விட்டுவிட்டு, அண்ணியுடன் காலை ரயிலில் கிளம்பினேன். ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம். வாலாஜாபாத் தாண்டியதும் எதிரில் இருந்த பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். நான்தான் காரணமா என்று எனக்கே தெரியவில்லை. அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவுக்கு நூறு ரூபாய். மெதுவாகப் போகச் சொன்னேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"எங்க வூட்லயும் இப்டித்தான் ஒரு பக்கமா சாஞ்சிக்கினு ஒக்காருவாங்கமா. பொண்ணு பொறந்ததுலேர்ந்து."

"பொண்ணுக்கு என்ன வயசுண்ணா?"

"காலேஜ் போவுதுமா, ஏனாத்தூர்ல."

மருத்துவமனை வாசலில் இறங்கும்போது, "அவங்களையும் இங்க கூட்டிக்கிட்டு வாங்கண்ணா" என்றேன். தலையை ஆட்டினார். வருவார்கள் என்ற ஆட்டலா, எப்படி வருவது என்ற ஆட்டலா, தெரியவில்லை.

மருத்துவர் ஐம்பது வயதுப் பெண். விரல் விட்டுப் பரிசோதித்தார். "குழந்தை வெளிய வர்றதுக்கு நடுவுல நேரா வெட்டியிருக்காங்கமா. சாய்ச்சு வெட்டியிருந்தா இவ்வளவு தூரம் கிழியறது கம்மி. ஆசனவாயைச் சுத்தியிருக்கிற தசை அறுந்திருக்கு. அதைப் பார்க்காம மேல் தோலை மட்டும் தைச்சு மூடிட்டாங்க."

ஸ்கேனும் அதையே சொன்னது. மறுநாள் காலை அறுவை சிகிச்சை.

முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். மயக்கம் இல்லை, விழித்திருந்தேன். என் கால்கள் மேசையில் நீட்டியபடி கிடப்பதை நன்றாக உணர்ந்தேன். அப்போது என் கண்முன்னே இரண்டு கால்கள் மேலே எழுந்தன. யாருடையவோ கால்கள். கணுக்காலில் கொலுசு போட்டுக் கறுத்த தடம். பக்கத்தில் வேறு யாரையாவது படுக்கவைத்திருக்கிறார்களா?

"யாரு அது?" என்றேன்.

"உங்க கால்தாம்மா, தூக்கி வெச்சிருக்கோம்" என்றார் மருத்துவர். "மரத்துப்போனா அப்படித்தான் இருக்கும்."

விளக்கின் உலோக விளிம்பில் ஒரு சின்னப் பெண் தலைகீழாகத் தெரிந்தாள், நான்தான். மார்புக்குக் குறுக்கே கட்டிய துணிக்கு அந்தப் பக்கம் கைகள் அசைந்தன. "தசையோட ஒரு முனை கிடைச்சிருச்சு" என்றது மருத்துவரின் குரல். தட்டில் கருவி மாற்றும் சத்தம். "இன்னொண்ணு உள்ள இழுத்துக்கிச்சு. இருங்க, தேடுறேன்." எனக்குள் எதையோ தேடுகிறார்கள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அண்ணி உள்ளே இல்லையே என்று அழுகை வந்தது. கடைசியில் அந்த முனையும் கிடைத்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்தார்.

புண் ஆறச் சில மாதங்கள் ஆயின. இப்போது மலம் அடங்குகிறது. வேகமாகச் சிரித்தால் காற்று மட்டும் சில நேரம் ஏமாற்றும். தை மாதம் வேலைக்குத் திரும்பினேன்.

போகிறவர்கள் கழிவறைக்குப் பக்கத்துப் பெட்டியில் ஏறுங்கள், மாற்றுத்துணி கைப்பையிலேயே இருக்கட்டும். திரும்பும்போது கார் நல்லது, பின் இருக்கையில் ஒருக்களித்துப் படுத்து வரலாம். அடுத்த பிரசவம் உண்டென்றால் இதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இனிதான் பிள்ளை பெறப்போகிறீர்களா? தையல் போடும் முன் ஆசனவாய்த் தசையைச் சோதித்தீர்களா என்று கேட்க, கூட வருபவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். அந்த நேரத்தில் அறையில் எல்லோரும் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்களும்கூட.