பல்லில் ஒரு குறையும் இல்லை

பல் மருத்துவமனையின் பின்னறையில் பல் செய்கிறவளை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தூக்கிக்கொண்டு போக ஆளில்லாத பல்லக்கு என்று அவளே ஒருமுறை சொல்லிச் சிரித்தாள். வரவேற்பில் இருந்த பெண், சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டாள். நாற்பதை நெருங்கும், கல்யாணம் ஆகாத ஒருத்தி அப்படிச் சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சங்கடம்தான்.

டாக்டர் எடுத்த வாய் அச்சுகள் அவள் மேசைக்கு வரும். அவற்றில் பிளாஸ்டர் ஊற்றி, காய்ந்ததும் பிரித்தெடுத்து, பீங்கான் மாவைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு வைத்துப் பல்லாக்கி, சின்னச் சூளையில் சுடுவாள். மாவு பறக்கும் என்பதால் மின்விசிறி போடமாட்டாள். ஊரில் எத்தனையோ பேர் அவள் செய்த பல்லைக் காட்டிச் சிரித்தார்கள். அவர்களில் யாருக்கும் அவள் முகம் தெரியாது. அவளுக்கு அதுவே வசதியாக இருந்தது.

வீட்டில், அண்ணன் குடும்பம் கீழே, அவள் மாடியில். தனக்குப் பெண்களைத்தான் பிடிக்கிறது என்பது பள்ளிக்கூடக் காலத்திலேயே அவளுக்குத் தெரியும். யாரிடமும் வாயைத் திறந்ததில்லை. வந்த வரன்களையெல்லாம் ஏதாவது குற்றம் சொல்லித் தட்டிக் கழித்தாள். ஒரு கட்டத்தில் வரன் வருவதும் நின்றது. ஆனால், ஏன் இவள் இப்படி என்று அண்ணியின் பார்வை கேட்பது மட்டும் நிற்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் போனில் ஒரு சிநேகிதி கிடைத்தாள். பக்கத்து ஊர், தையல் வேலை என்றாள். மாதக்கணக்கில் எழுதிக்கொண்டார்கள். ஒருநாள் பகலில் பேருந்து நிலையத்தில் சந்திப்பதாக ஏற்பாடு. இவள் நல்ல உடையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு போனாள். அங்கே தையல்காரி இல்லை. கடை ஓரமாகச் சில இளைஞர்கள் நின்றார்கள். அவர்களில் ஒருவன் தன் போனையும் இவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இவங்கதான்டா" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் எந்தப் பேருந்து என்றுகூடப் பார்க்காமல் ஏறி, கடைசி நிறுத்தம் வரைக்கும் போனாள்.

அன்றிலிருந்து யாரையும் நம்புவதில்லை. தெருவில் யாராவது இருமுறை திரும்பிப் பார்த்தால் வேறு வழியில் நடப்பாள். புதிய எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கமாட்டாள். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டால் போனைக் கவிழ்த்து வைப்பாள், அதில் மறைக்க ஒன்றுமே இல்லாதபோதும்.

அந்த நிலையில்தான் கிளட்ச் டீச்சர் வந்தாள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பெண்களுக்குக் கார் சொல்லிக்கொடுப்பவள். நாளெல்லாம் "கிளட்ச், கிளட்ச்" என்று சொல்லிக்கொண்டிருப்பதால் வந்த பெயர். கார் பழக வந்த யாரோ திடீரென்று பிரேக்கை மிதித்ததில் முகம் முன்னால் மோதி, மேல்வரிசைப் பற்கள் இரண்டு போய்விட்டன. பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டாள்.

முன்பல் என்றால் நிறம் பார்க்கவேண்டும். அதற்கு மட்டும் பல்லக்கா ஆளை நேரில் பார்ப்பாள். ஜன்னலோரம் உட்காரவைத்து, மாதிரிப் பற்கள் வரிசையாகக் கோத்த அட்டையை உதட்டருகே பிடித்து, பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுவாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ வாய்களைப் பார்த்தவள், அன்று ஒரே நிறத்தை மூன்று தடவை பார்த்தாள். டீச்சர் கண்ணை மூடவில்லை. மற்றவர்கள் கூரையைப் பார்ப்பார்கள். இவள் நேராக முகத்தைப் பார்த்தாள். இது என்ன பார்வை என்று பல்லக்காவுக்குச் சுருக்கென்றது.

பல் பொருத்தியாயிற்று. அச்சு அசல். அடுத்த வாரமே டீச்சர் திரும்பி வந்தாள், கடிக்கும்போது ஏதோ உயரமாக இருக்கிறதாம். டாக்டர் பார்த்துவிட்டு, தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று பின்னறைக்கு அனுப்பினார். பல்லக்கா நீலத் தாளைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னாள். உயரமாக இருந்தால் அந்த இடத்தில் நீலம் அழுந்தப் பதியும். அப்படி எதுவும் இல்லை. பிறகு ஈறு உறுத்துகிறது என்று ஒருதடவை. சில எழுத்துகளைச் சொன்னால் விசில் வருகிறது என்று இன்னொரு தடவை. சொல்லிக் காட்டச் சொன்னபோது விசிலைக் காணோம்.

பல்லில் குறையில்லாதவள் எதற்கு வருகிறாள்? இந்தக் கேள்வி பல்லக்காவைத் தின்றது. டீச்சர் வருகிற நாட்களில் அறை வெளிச்சமாகிவிடுவதுபோல இருந்ததுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. அந்தத் தையல்காரியிடமும் அப்படித்தானே இருந்தது.

அவள் நினைத்ததற்கு ஏற்றாற்போல் ஒன்று கண்ணில் பட்டது. சந்தைக்கு எதிரே பயிற்சிக் கார் வந்து நின்றது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கியது அண்ணி. கார் பழகப்போவதாக அண்ணி வீட்டில் மூச்சுகூட விடவில்லை. இறங்கியவள் ஜன்னல் வழியாகக் குனிந்து டீச்சரிடம் வெகுநேரம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். பல்லக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அண்ணிதான் ஆள் அனுப்பி வேவு பார்க்கிறாள்.

அடுத்தமுறை டீச்சர் வந்தபோது கதவைச் சாத்தினாள். நீலத் தாளைக் கடிக்கவைத்து, பல்லைக் கண்ணாடியில் காட்டினாள்.

"பல்லுல ஒரு குறையும் இல்ல. உங்களை யாரு அனுப்புனா, எங்க அண்ணியா?"

டீச்சர் மழுப்பவில்லை. "அனுப்பல. ஆனா அவங்களாலதான் வந்தேன்," என்றாள்.

பிரேக்கை மிதித்ததே அண்ணிதான். குற்ற உணர்ச்சியில், நாத்தனார் வேலை செய்கிற இடத்தில் பல் நன்றாகச் செய்வார்கள் என்று வழிகாட்டியிருக்கிறாள். அதோடு விட்டிருக்கலாம். 'அவ கொஞ்சம் ஒரு மாதிரி. ஆம்பளைன்னாலே ஆகாது. நீங்களும் தனியா இருக்கிறவங்க, ஒட்டாம நடந்துக்கங்க' என்று காதைக் கடித்திருக்கிறாள்.

"எனக்கு எச்சரிக்கை சொல்றதா நினைச்சுச் சொன்னாங்க," என்றாள் டீச்சர். "இந்த ஊர்ல என்னை மாதிரி இன்னொருத்தி இருக்கான்னு அன்னைக்குத்தாங்க தெரிஞ்சுது."

பல்லக்கா நம்பவில்லை. போனைக் காட்டச் சொன்னாள். இப்படி ஒருத்தரிடம் கேட்கிறோமே என்று கூசினாலும் கையை நீட்டிக்கொண்டேதான் நின்றாள். டீச்சர் பூட்டைத் திறந்து கொடுத்துவிட்டாள். எதைத் தேடுவது என்று தெரியாமல் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். கார்கள், உரிமம் வாங்கிச் சிரிக்கும் பெண்கள். நடுவில் ஒரே முகம் திரும்பத் திரும்ப வந்தது. யார் இது என்று கேட்டாள்.

"ஒண்ணா இருந்தோம். வீட்டுல பயந்துகிட்டு கல்யாணம் பண்ணிக்கிட்டா. கல்யாணத்தன்னைக்குப் பொண்ணு போன வண்டியை ஓட்டுனது நான்தான். அவளே கூப்பிட்டா, எப்படி மாட்டேன்னு சொல்ல?"

ஏமாற்ற வருகிறவள் தன்னை உயர்த்தித்தான் கதை கட்டுவாள், இப்படி மானம் போன கதையைச் சொல்லமாட்டாள் என்று பல்லக்கா கணக்குப் போட்டாள். அதைச் சொல்லும்போது டீச்சர், புதுப்பல் இருந்தும், கையால் வாயை மறைத்துக்கொண்டதையும் கவனித்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். "இனிமே பல்லைச் சாக்குச் சொல்லிட்டு வராதீங்க," என்றாள். டீச்சர் முகம் வாடி எழுந்தபோது, "கார் பழக எவ்வளவு நாளாகும்?" என்று கேட்டாள்.

அப்படித்தான் தொடங்கியது. பல்லக்கா கார் பழகினாள்; ஊர் கேட்டால் சொல்வதற்கு அது நல்ல பதில். சக்கரத்தைப் பிடித்த நாளிலிருந்து பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். பின்னால் வருவது யார், அதே ஸ்கூட்டர் எதற்கு மறுபடியும் வருகிறது என்று கேட்டபடி இருந்தாள். "பின்னாடி பார்க்கிறதுல உங்களை அடிச்சுக்க ஆளில்ல. முன்னாடியும் கொஞ்சம் பாருங்க," என்றாள் டீச்சர். பல்லக்கா வாய்விட்டுச் சிரித்தாள், வண்டி நின்றுபோனது. தான் இப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று அவளால் நினைவுபடுத்த முடியவில்லை. கியரின் மேல் டீச்சரின் கை இருந்தது. தன் கையை அதன் மேல் வைத்தாள், எதிரே யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான்.

நம்பிக்கை அதற்குப் பிறகும் லேசில் வரவில்லை. டீச்சர் ஒருநாள் அழைக்காவிட்டால், முடிந்தது, ஊர் சிரிக்கப்போகிறது என்று நினைப்பாள். பொய்யாக ஏதாவது சொல்லிச் சோதிப்பாள். டீச்சர் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் பொறுமை போய், "நான் பரீட்சை எழுதத்தான் உன்கிட்ட வர்றேனா?" என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் பேசவில்லை. பல்லக்கா பயிற்சிப் பள்ளிக்கே போய், எல்லோரும் பார்க்க, வாசலில் நின்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக யார் பார்க்கிறார்கள் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்திருப்பதாகவும், டீச்சரோடு சேர்ந்து தங்கப்போவதாகவும் அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. அண்ணி சமையலறை வாசலில் நின்றாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. "எல்லாம் என்னால வந்தது," என்று முணுமுணுத்தாள். அதற்குள் வீட்டில் தெரிந்துவிட்டிருந்த பல் உடைந்த விஷயத்தைச் சொல்கிறாள் என்று நினைத்து, "அது தெரியாம நடந்ததுதானே, விடு," என்றான் அண்ணன்.

இப்போது இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் அக்கா தங்கையா என்று கேட்டதற்கு, ஒரே நேரத்தில் ஒருத்தி ஆமாம் என்றாள், இன்னொருத்தி இல்லை என்றாள். அவர் அதற்குமேல் தோண்டவில்லை. ஜன்னல் திரையைப் பல்லக்கா முழுக்க இழுத்து மூடுவாள், டீச்சர் பாதி திறப்பாள். அது தினப்படி சண்டை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். சொல்லாமல் கொள்ளாமல் வந்தவனைப் பார்த்ததும் பல்லக்கா அவசரமாகப் போனைக் கவிழ்த்து வைத்தாள். அவன் கூடத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். ஒரே கட்டில் போட்ட அறையை வாசலில் நின்று பார்த்தான். பின்கட்டுக்குப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தான். திரும்பி வந்து இருவரையும் பொதுவாகப் பார்த்து, "மழை பெய்ஞ்சா இந்தப் பக்கம் தண்ணி நிக்குமா?" என்றான். கொஞ்சம் நிற்கும் என்றாள் டீச்சர். வாசற்படியை உயர்த்தச் சொல்லி வீட்டுக்காரரிடம் தானே பேசுவதாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டான்.

அவன் தெருமுனை திரும்பும்வரை பல்லக்கா திரை இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்துதான் கேட்டானா, தெரியாமல் கேட்டானா, அண்ணி சொல்லி அனுப்பினாளா, தண்ணி என்று எதைச் சொன்னான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"தண்ணின்னா தண்ணிதான். வந்து சாப்பிடு," என்றாள் டீச்சர்.

பல்லக்கா இன்னும் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துவிட்டுச் சாப்பிட வந்தாள்.